என் காதை வளர்த்தவங்க: தேவாவில் இருந்து இசைவாணி வரை

(ஒலிப்பதிவில் இருந்து வாசிப்பதற்காகத் திருத்திச் சுருக்கிய வடிவம்)

போன மாசம் ஒரு நேயர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "உங்க இசை ரசனையை உருவாக்கினவங்க யார் யார்? ஒரு அஞ்சு பேர் சொல்லுங்க." சின்ன கேள்விதான், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்னு நினைச்சேன். போன்ல ஒரு லிஸ்ட் போட்டேன். இளையராஜா, ரஹ்மான், அப்புறம் மூணு இங்கிலீஷ் பேண்டு.

எழுதி முடிச்சுட்டுப் பார்த்தா, அது நான் காலேஜ்லயும் ஆபீஸ்லயும் யாராவது கேட்டா சொல்ற லிஸ்ட். பொய்யான லிஸ்ட் இல்ல. ஆனா என் காது அங்க வளரல. என் காது வளர்ந்தது வியாசர்பாடியில. எங்க தெருவுல ராத்திரி பத்து மணிக்கு மேல கேட்ட சத்தத்துல. அதனால அந்த லிஸ்டை அழிச்சுட்டு, இந்த எபிசோடுக்கு உண்மையான லிஸ்டைக் கொண்டு வந்திருக்கேன். இதுல ஒருத்தர் பேர் எனக்கே தெரியாது. அவரைப் பத்தி கடைசியில சொல்றேன்.

முதல்ல, கானான்னா என்ன?

வடசென்னைக்கு வெளியில இருக்கறவங்களுக்கு கானான்னா சினிமாவுல ஹீரோ குடிச்சுட்டு நண்பர்களோட பாடற பாட்டு. காதல் தோல்வி, லுங்கி, டாஸ்மாக். அது கானாவோட ஒரு ஓரம்தான்.

இந்தியிலயும் உருதுலயும் கானான்னா பாட்டு. பேரு அங்க இருந்து வந்ததுன்னு நிறைய பேர் சொல்வாங்க. பேரு எங்க இருந்து வந்தாலும், பாட்டு வளர்ந்த இடம் தெளிவா தெரியும். துறைமுகம், மில்லு, ரயில்வே ஒர்க்‌ஷாப், மீன் மார்க்கெட், அதைச் சுத்தி இருந்த குடிசைப் பகுதிகள். எங்க தாத்தா வேலை பார்த்தது பெரம்பூர் பி அண்ட் சி மில்லுல. அந்த மில் தொழிலாளிகளை வெச்சுதான் 1918-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சது. இந்தியாவோட ஆரம்பகால தொழிற்சங்கங்கள்ல அது ஒண்ணு. மில்லு 1996-ல மூடிட்டாங்க. மில்லு போச்சு, அந்த ஷிப்டு முடிஞ்சு வந்து பாடின பாட்டு மட்டும் தெருவுல நின்னுடுச்சு.

கானா பாடறதுக்குப் பெருசா எதுவும் வேண்டாம். தீப்பெட்டி போதும், பானை போதும், டேபிள் போதும். கொஞ்சம் வசதி இருந்தா சட்டி, டோலக், டேப். எங்க தெருவுல ஒரு பெரியவர் புல்புல் தாரா வெச்சிருந்தார். டைப்ரைட்டர் மாதிரி கட்டை கட்டையா பட்டன் இருக்கும். ஒரு கையால அதை அமுக்கிக்கிட்டே இன்னொரு கையால கம்பியை மீட்டணும். அதோட மூலம் ஜப்பான். 1912-ல நகோயாவுல மொரிட்டா கோரோன்னு ஒருத்தர் செஞ்ச தாய்ஷோகோட்டோங்கற கருவி. அது எப்படியோ கடல் தாண்டி வந்து எங்க தெரு திண்ணையில உக்காந்திருந்தது. நான் அதை எங்க ஊரு வாத்தியம்னே ரொம்ப வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அடுத்து மெட்டு. கானாவுல நிறைய பாட்டு ஏற்கெனவே இருக்கற மெட்டுலதான் வரும். பழைய சினிமா மெட்டு, இந்திப் பாட்டு மெட்டு எதுவா இருந்தாலும் எடுத்துக்குவாங்க. வார்த்தைதான் புதுசு. இதைக் கேட்டுட்டு சிலர் "அப்போ காப்பிதானே"ன்னு சொல்வாங்க. நான் கோடு எழுதற ஆளு. எனக்கு இது வேற மாதிரி தெரியுது. எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு லைப்ரரியை எடுத்து, மேல நம்ம புரோகிராமை எழுதற மாதிரி. மெட்டு எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்ங்கறதால, கேக்கறவங்க கவனம் மொத்தமும் வார்த்தைக்குப் போகுது. பாட்டு கட்டறவரும் அந்த இடத்துலயே கட்டிட முடியுது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

ஒண்ணு: தேவா

எங்க நைனா ஆட்டோ ஓட்டினார். ஆட்டோவுல கேசட் பிளேயர், அதுல தேவா. எனக்கு ஞாபகம் தெரிஞ்ச முதல் குரலே அவரோடதுதான்.

1992-ஐ எல்லாரும் 'ரோஜா' வந்த வருஷம்னு சொல்வாங்க, ரஹ்மான் வந்த வருஷம். அதே வருஷம்தான் 'அண்ணாமலை'யும் வந்துச்சு. இன்னைக்கும் ரஜினி படத்துல 'சூப்பர் ஸ்டார்'னு எழுத்து ஒவ்வொண்ணா விழும்போது தியேட்டர் அலறுதே, அந்த டைட்டில் கார்டு முதல்ல வந்தது 'அண்ணாமலை'யில. அந்தச் சத்தம் தேவாவோடது.

ஆனா என் காதை மாத்தினது அது இல்ல. 'காதல் கோட்டை' (1996), 'கண்ணெதிரே தோன்றினாள்' (1998) மாதிரிப் படங்கள்ல அவரே பாடின கானாப் பாட்டுகள். அதுக்கு முன்னாடி சினிமாவுல சென்னைத் தமிழ் பேசினா அது காமெடி. தேவா அதே தமிழை, அதே கரகரப்போட, ஒரு மியூசிக் டைரக்டரா மைக் முன்னாடி நின்னு பாடினார். ஆட்டோவுல நைனா பேசற மாதிரியே ஸ்பீக்கர்ல ஒருத்தர் பாடறார். அஞ்சு வயசுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு இப்பதான் புரியுது. 'ஆசை' (1995) மாதிரி மெலடி நிறைஞ்ச ஆல்பம் போட்டதும் இவர்தான். அதனால "இவருக்கு இதுதான் வரும்"னு சொல்லி ஒதுக்கவும் முடியாது.

அவர்கிட்ட இருந்து நான் கத்துக்கிட்டது தாளம். குத்துப் பாட்டுல பெரும்பாலும் ஆறு எட்டு தாளம்தான் ஓடும். கைய தட்டிப் பாருங்க: தகிட, தகிட. ரெண்டு அடி, ஒவ்வொரு அடிக்குள்ளயும் மூணு. கால் ரெண்டா எண்ணும், இடுப்பு மூணா எண்ணும். அந்த இழுபறிதான் நம்மள உக்கார விடாம எழுப்புது. மேற்கத்திய பாப் பெரும்பாலும் நாலு நாலு. சின்ன வயசுல முதல் தடவை ஒரு இங்கிலீஷ் பாட்டு கேட்டப்போ, "ஏன் இது நேரா நடந்து போவுது?"ன்னு நைனாகிட்ட கேட்டேனாம். ஆயா இப்பவும் சொல்லிச் சிரிப்பாங்க.

ரெண்டு: கானா உலகநாதன்

2006. எனக்கு ஒன்பது வயசு. மிஷ்கினோட முதல் படம் 'சித்திரம் பேசுதடி'. அதுல மீன்களுக்குக் கல்யாணம் நடக்கற பாட்டு, உங்க எல்லாருக்கும் தெரியும். அதைப் பாடினதும் கானா உலகநாதன், திரையில நின்னு பாடறதும் அவரே. நடிகருக்குப் பின்னணி குரல் கொடுக்காம, கானா பாடகர் தன் முகத்தோட வந்தார்.

இந்தப் பாட்டைக் குழந்தைப் பாட்டுன்னு நினைச்சுட்டு இருந்தேன். பெரியவனானப்பறம்தான் அதோட கட்டுமானம் புரிஞ்சுது. கானாவுல 'அடுக்கு' ரொம்ப முக்கியம். ஒரு விஷயத்தை எடுத்தா அதுல இருக்கற எல்லாத்தையும் பேர் சொல்லி வரிசையா அடுக்கணும். மீன்னா மீன், காய்கறின்னா காய்கறி, பஸ் ஸ்டாப்புன்னா பஸ் ஸ்டாப். அது எதுகைக்காக மட்டும் இல்ல. காசிமேட்டுல ஏலம் எடுக்கற ஒருத்தர் கேட்டா, ஒவ்வொரு மீனோட குணமும் அவருக்குத் தெரியும். எந்த மீனுக்கு எந்த மரியாதை, எது விலை போகும், எது போகாது. அப்போ அந்தக் கல்யாணத்துல யாருக்கு என்ன வேலை கொடுத்திருக்காங்கன்னு பார்த்தா, அவருக்கு அது ஊர் கதை. தொழில் தெரிஞ்சவனுக்கு ஒரு பாட்டு, தெரியாதவனுக்கு இன்னொரு பாட்டு. ரெண்டும் ஒரே பாட்டு.

மூணு: கானா பாலா

2012-ல 'அட்டகத்தி' வந்தப்போ நான் பத்தாவது முடிச்சிருந்தேன். பா. ரஞ்சித்துக்கு முதல் படம், சந்தோஷ் நாராயணனுக்கும் முதல் படம். அதுல பாடின கானா பாலா சட்டம் படிச்சவர். அதுக்கு முன்னாடியே 'பிறகு' (2007) படத்துல பாடியிருந்தார், ஆனா தமிழ்நாடு முழுக்க அவரைத் தெரிஞ்சது 'அட்டகத்தி'க்கு அப்புறம்தான். ஏரியாவுல எல்லா போன்லயும் அவர் குரல்.

எனக்கு முக்கியமானது ரெண்டு வருஷம் கழிச்சு வந்த 'மெட்ராஸ்' (2014). அதுல ஒரு சாவு வருது. அந்த இடத்துல கானா பாலா பாடறார். தியேட்டர்ல பாதிப் பேர் அழுதாங்க. எங்களுக்கு அது சினிமா மாதிரியே தெரியல. ஏன்னா கானாவோட சொந்த வீடே அதுதான், சாவு வீடு. மரண கானா விஜின்னு ஒரு பாடகர் இருக்கார், அவர் பேர்லயே அது இருக்கு. சினிமா பல வருஷமா கானாவை டீக்கடைக்கும் ஒயின் ஷாப்புக்கும் மட்டுமே கூட்டிட்டுப் போச்சு. 'மெட்ராஸ்' அதைத் திரும்ப சாவு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துச்சு.

சாவு வீட்டுக் கானா எப்படி நடக்கும்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ராத்திரி பிரேதத்தைத் தனியா விடக் கூடாது, யாராவது முழிச்சிருக்கணும். அதுக்காக பந்தல்ல கச்சேரி. முதல்ல சாமி, குரு வணக்கம். அப்புறம் வாழ்க்கை நிலையில்லன்னு பொதுவா ரெண்டு மூணு பாட்டு. நள்ளிரவு தாண்டினதும் பாடறவர் செத்தவரோட கதைக்கு வருவார். அவர் பேர், ஊர், செஞ்ச வேலை, பெத்த பிள்ளைங்க, மூத்ததுல இருந்து கடைசி வரைக்கும். பேர் வரும்போது அந்தப் பிள்ளை உடைஞ்சு அழும், யாராவது போய் பாடறவர் சட்டையில நோட்டு குத்துவாங்க. வராத சொந்தக்காரங்களுக்கு ஒரு குத்தும் உண்டு. பதினாறாம் நாள் படத்திறப்புல திரும்பவும் நடக்கும்.

பத்திரிகையில இரங்கல் செய்தி வராத ஒரு மனுஷனுக்கு, அவரோட வாழ்க்கை வரலாறு ஒரே ஒரு தடவை சத்தமா சொல்லப்படற இடம் அது.

நான் செஞ்ச ஒரு காரியம்

2014-ல இன்ஜினியரிங் சேர்ந்தேன். முதல் வாரம் எல்லாரும் வட்டமா உக்காந்து அறிமுகம். ஊர் எதுன்னு கேட்டாங்க. "பெரம்பூர் பக்கம்"னு சொன்னேன். வியாசர்பாடின்னு சொல்லல. என்ன மியூசிக் கேப்பேன்னு கேட்டாங்க. "கோல்ட்ப்ளே"ன்னு சொன்னேன். அன்னைக்கு வரைக்கும் அவங்களோட ஒரு பாட்டுதான் எனக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரியே உக்காந்து மீதியெல்லாம் கேட்டேன். அப்புறம் நிஜமாவே பிடிச்சுப் போச்சு, அது வேற கதை.

2015-ல தாத்தா தவறினார். வீட்டு வாசல்ல பந்தல், பிரீசர் பெட்டி, ராத்திரி கச்சேரி. பாட வந்தவர் நாப்பது வயசு இருக்கும். சித்தப்பா அவரை ஓரமா கூப்பிட்டு உக்கார வெச்சார். அவர் என்கிட்ட மூணு கேள்வி கேட்டார். "தாத்தா பேரு என்ன தம்பி? மில்லா, ஹார்பரா? எத்தினி பசங்க?" சொன்னேன். ஒரு டீ குடிச்சார். ஒரு மணிக்கு மேல தாத்தாவோட பாட்டு ஆரம்பிச்சது. மில்லு சங்கு ஊதறது, கேட்டு மூடினது, அப்புறம் அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போனது, சைக்கிள். சைக்கிளைப் பத்தி யார் சொன்னாங்கன்னு தெரியல. வாசல்ல நின்னதைப் பார்த்திருப்பார். ஆயா அன்னைக்கு முதல் தடவையா சத்தம் போட்டு அழுதாங்க.

நாலரை மணிக்கு போன்ல மெசேஜ். காலேஜ் நண்பர்கள் ஆறு மணிக்கு வர்றாங்களாம். நான் சித்தப்பாகிட்ட போய், "அவங்க வர்றதுக்குள்ள பாட்டை நிறுத்திடலாம் சித்தப்பா"ன்னு சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன்னு கேக்கல. போய் நிறுத்தச் சொல்லிட்டார். பாடறவர் பாதியில எழுந்து, சட்டியைத் துணியில சுத்திக்கிட்டுப் போனார்.

நான் அந்தப் பாட்டைப் பதிவு பண்ணல. கையில போன் இருந்துச்சு. யாராவது என் போன்ல அதைக் கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பண்ணல.

நாலு: தென்மாவும் அந்தப் பத்தொன்பது பேரும்

2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கத்துல 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவோட முதல் நிகழ்ச்சி. பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கின பத்தொன்பது பேர் குழு. கானா பாடகர்கள், ராப்பர்கள், பறை, சட்டி, கூடவே கிட்டார், டிரம்ஸ். பேரு அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்தின 'சாதிபேதமற்ற' என்ற சொல்லை ஒட்டி வெச்சது. மார்கழி இன்னும் முடியல. ஊரோட இன்னொரு பக்கம் சபாக்கள்ல கச்சேரி நடந்துகிட்டு இருந்த அதே நாட்கள்.

நான் அப்போ கடைசி வருஷம். அந்த வீடியோக்களை ஹாஸ்டல்ல ஹெட்போன் போட்டுக் கேட்டேன். இசையா பார்த்தா தென்மா செஞ்சது இதுதான்: கானாவுக்கு கிட்டாரால அலங்காரம் பண்ணல. கானாவோட தாளத்தை நடுவுல நிறுத்தி, ராக், ராப், ரெகே எல்லாத்தையும் அதைச் சுத்தி நிக்க வெச்சார். எந்த வாத்தியம் யாருக்கு வழி விடுதுன்னு கவனிச்சா, யாரு மரியாதையில இருக்காங்கன்னு தெரிஞ்சிடும். அதுவரைக்கும் நான் கேட்ட 'பியூஷன்'ல நாட்டுப்புற வாத்தியம் இன்ட்ரோவுல ரெண்டு அடி அடிச்சுட்டுப் போயிடும்.

ரெகேவும் எங்களுக்குப் புதுசு இல்ல. எங்க ஏரியா சலூன் சுவத்துல பாப் மார்லி படம் இருக்கும், பக்கத்துல அம்பேத்கர் படம். மார்லி வளர்ந்த கிங்ஸ்டன் டிரெஞ்ச் டவுனும் அரசாங்கம் கட்டின குடியிருப்புதான், நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி. ரெகேயில முதல் அடி காலியா இருக்கும், கனம் மூணாவது அடியில விழும். 'ஒன் டிராப்'னு பேரு. நீங்க எதிர்பார்க்கற இடத்துல தரை இருக்காது.

அந்தக் குழுவுல இருந்து வந்தவர்தான் அரக்கோணம் அறிவு. 2021 மார்ச்சுல 'என்ஜாயி எஞ்சாமி' வந்துச்சு, தீயோட சேர்ந்து. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சுட்டு, கையில ஒண்ணும் இல்லாம திரும்பி வந்த தன் பாட்டியோட கதையை அதுல வெச்சிருந்தார். உலகமே அதுக்கு ஆடிச்சு. ஆபீஸ்ல என் டீம்ல இருந்த பெங்களூரு பையன் டேபிளைத் தட்டி ஆடினான். "செம ஃப்ரெஷ்ஷா இருக்குல்ல"ன்னு என்கிட்டயே கேட்டான். ஒரு பாட்டியோட வேலை, ஊர், இழப்பு, எல்லாத்தையும் பேர் சொல்லிப் பாடறது. எனக்கு அது ஃப்ரெஷ் இல்ல. எங்க வாசல்ல ராத்திரி ஒரு மணிக்கு நடந்தது அது. நான் நிறுத்தச் சொன்னது அது.

அஞ்சு: இசைவாணி

ராயபுரத்துப் பொண்ணு. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஆரம்பிச்சப்போ அதுல இருந்த ஒரே பெண் பாடகி. அப்பா இசைக்காரர், சின்ன வயசுல இருந்தே மேடை. 2020-ல பிபிசி வெளியிட்ட உலகத்தின் நூறு பெண்கள் பட்டியல்ல இவங்க பேரும் இருந்துச்சு.

இவங்களைக் கேக்கற வரைக்கும் எனக்கு ஒரு விஷயம் உறைக்கவே இல்ல. நான் கேட்ட அத்தனை கானாவும் ஆம்பளைங்க பாடினது. சாவு வீட்டுல ஒப்பாரி வைக்கறது பொம்பளைங்க, கச்சேரி பாடறது ஆம்பளைங்க. உள்ள அழற பாட்டுக்குக் காசு கிடையாது, வெளிய பந்தல்ல பாடற பாட்டுக்குக் காசு உண்டு. எங்க ஆயா ஒப்பாரி கட்டறதுல பேர் போனவங்க. அவங்களை யாரும் பாடகின்னு சொன்னதில்ல. இசைவாணி மைக்கைப் பிடிச்சு அந்தத் தடிமனான குரல்ல பாடினப்போ, ரசனைங்கறதுல நமக்குப் பிடிச்சதை மட்டும் இல்ல, நம்ம காது கவனிக்காம விட்டதையும் சேர்த்துத்தான் எண்ணணும்னு புரிஞ்சுது.

ஆறு: பேர் தெரியாதவர்

அஞ்சு பேர் கேட்டாங்க, நான் ஆறு சொல்றேன்.

இந்த எபிசோடுக்காக, தாத்தாவுக்குப் பாடினவரைத் தேடினேன். சித்தப்பா மூலமா ஒரு வழியா முல்லை நகர் பக்கம் ஒரு டீக்கடையில பார்த்தேன். அவர் பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அதனாலதான் ஆரம்பத்துல எனக்கே தெரியாதுன்னு கதை விட்டேன், மன்னிச்சுக்கோங்க. நான் விஷயத்தைச் சொன்னேன். 2015, இந்தத் தெரு, இந்த வீடு, பாதியில நிறுத்தினோமேன்னு.

அவருக்கு ஞாபகம் இல்ல. "எத்தினி வீடு தம்பி, எத்தினி ராத்திரி"ன்னார். பாதியில நிறுத்தச் சொன்னதும் அவருக்குப் புதுசு இல்லையாம். "படிச்ச பசங்க இருக்கற வூட்டுல சொல்வாங்க. சொல்லட்டும்"னார். அதுல கோவம் எதுவும் இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப நேரம் உறுத்துச்சு.

அந்தப் பாட்டை மறுபடி கேக்க வழியில்லன்னு எழுந்தேன். அவர் உக்காருங்கன்னு சொல்லிட்டு, டீ கிளாசைத் தள்ளி வெச்சார். டேபிள் மேல விரலை வெச்சுக்கிட்டே கேட்டார்: "தாத்தா பேரு என்ன? மில்லா, ஹார்பரா?"

சொன்னேன். சைக்கிளைப் பத்தியும் இந்த தடவை நானே சொன்னேன்.

அது பழைய பாட்டு இல்ல, வேற பாட்டு. மெட்டும் வேற. நாலு நிமிஷம் பாடினார். டீக்கடைக்காரர் பாய்லரை அணைச்சுட்டு நின்னு கேட்டார். அவர்கிட்ட அனுமதி வாங்கிப் பதிவு பண்ணேன். எபிசோடுல போடல, அது எங்க வீட்டுப் பாட்டு. ஆயாகிட்ட போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "அப்பவே இப்படிக் கேட்டிருக்கலாம்ல"ன்னு மட்டும் சொன்னாங்க.

இதான் என் லிஸ்ட். உங்க லிஸ்ட்டைப் போடும்போது, முதல்ல கைக்கு வர்றதை எழுதிட்டு, அப்புறம் யார் கேட்டா அதை மறைப்பீங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. அங்கதான் நிஜமான பேர் இருக்கும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.